நாலு மாதச் சம்பளமா, தொழில் அலுவலகமா? தொழிற்சாலை மூடும்போது எடுக்க வேண்டிய முடிவு

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. மழைக்கு நனையாமல் பொலித்தீன் பைக்குள் வைத்து, பக்கத்து வீட்டு அண்ணை அதை என் மேசைக்குக் கொண்டுவந்தார். ஒரே ஒரு பக்கம். கீழே அவருடைய பெயருக்கு நேரே பென்சிலால் சின்னதாக ஒரு புள்ளடி: கையெழுத்து இங்கே.

"வாசிச்சுச் சொல்லு தம்பி. நாலு மாதச் சம்பளம் தருவினமாம். திங்கட்கிழமைக்குள்ள போட்டுக் குடுக்கட்டாம்."

வாசித்தேன். தொழிற்சாலையை மூடுகிறோம் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. "எனது சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்" என்பதுதான் முதல் வரி. கடைசி வரி, "எனக்குச் சேர வேண்டிய அனைத்துக் கொடுப்பனவுகளும் இத்தொகைக்குள் அடங்கும்" என்றது. பிளாஸ்டிக் வாளியும் கதிரையும் வார்க்கும் மெஷின்களோடு 17 வருடம் நின்றவர். வயது 51. விலகிப் போக அவரிடம் ஒரு சொந்தக் காரணமும் இல்லை.

நான் இணுவில் பக்கம் நாலைந்து பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் சம்பளக் கணக்கு எழுதுகிறவன். அதனால் இப்படியான கடிதங்கள் எனக்குப் புதிது அல்ல. ஆனால் அண்ணையோடு இருந்து அவருக்கு முன்னால் இருந்த வழிகளை ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டபோதுதான், இதை எழுதிவைத்தால் இன்னும் சிலருக்கு உதவும் என்று தோன்றியது.

முதலில் மூடுவதன் காரணம். 2020 இல் டொலர் தட்டுப்பாடு தொடங்கியதும் நாட்டுக்குள் பல பொருட்கள் வருவதற்குக் கட்டுப்பாடு வந்தது. அந்தக் காலத்தில் உள்ளூர் வாளிக்கு ஒரு மதிப்பு இருந்தது. அண்ணைக்கு ஞாயிறும் ஓ.ரி. 2023 இல் கட்டுப்பாடுகளைப் படிப்படியாகத் தளர்த்தினார்கள். வெளிநாட்டு வாளி மெல்லியது, பளபளப்பானது, விலையும் குறைவு. சுன்னாகம் சந்தைக் கடைகளில் அது மேல்தட்டுக்குப் போக, இவர்களுடையது கீழே போயிற்று. ஆனால் எல்லாப் பழியையும் இறக்குமதியின் தலையில் போடுவதும் நியாயம் இல்லை. 2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் ஏறியது. பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்கும் தொழிலில் மின்சாரம்தான் அரைவாசிச் சீவன். முதலாளியும் கெட்டவர் அல்ல, மூழ்கிக்கொண்டிருப்பவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அண்ணைக்கு அமெரிக்காவில் ஒரு தம்பி இருக்கிறார். வட கரோலினாவில் தளபாடத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். சீனத் தளபாடம் வந்து அது மூடப்பட்டபோது, ஏ.சி. திருத்தும் படிப்புக்கு அரசாங்கமே காசு கட்டியதாம், படிக்கும் காலத்தில் கைச்செலவுக்கும் தந்ததாம். அவர் வட்ஸ்அப்பில் சொன்னது: "அண்ணா, அங்கையும் அப்பிடி ஏதாவது இருக்கும். கச்சேரியில கேட்டுப் பாருங்கோ."

அப்படி ஒன்று இங்கே இல்லை. அங்கேயும் இப்போது புதிதாக யாருக்கும் இல்லை. அந்தத் திட்டத்தைத் தமிழில் வர்த்தகச் சீரமைப்பு உதவி என்று சொல்லலாம். கென்னடி காலத்தில், 1962 இல், சட்டத்தோடு வந்தது. முதல் ஏழு வருடம் ஒரு தொழிலாளிக்குக்கூடக் கிடைக்கவில்லை, நிபந்தனை அவ்வளவு இறுக்கம். 1974 இல் தளர்த்திய பிறகுதான் உயிர் பெற்றது. தொழிலாளர்களே சிறு குழுவாகச் சேர்ந்து மனுப் போட முடிந்தது. வேலை போனதில் இறக்குமதிக்கு முக்கிய பங்கு இருக்கிறது என்று தொழிலாளர் திணைக்களம் ஒப்புக்கொண்டால் பயிற்சிச் செலவும், வேலையிழப்புக் காப்புறுதிக் காலத்தையும் சேர்த்து 130 வாரம் வரை உதவித்தொகையும் கிடைத்தன. 2022 ஜூலை 1 ஆம் திகதியோடு புதிய மனுக்களை விசாரிப்பது நின்றுவிட்டது. காங்கிரஸ் காலத்தை நீடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதே நோக்கத்தோடு 2006 இல் சட்டமாகி வந்த நிதியம் ஒன்று இன்னும் இயங்குகிறது. இப்போதைய விதிப்படி பொதுவாக 200 பேராவது வேலை இழந்திருக்க வேண்டும், விண்ணப்பிப்பதும் அந்தந்த நாட்டு அரசாங்கம்தான். 200 பேர் ஒரே இடத்தில் வேலை செய்யும் தொழிற்சாலையை யாழ்ப்பாணத்தில் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அண்ணையின் இடத்தில் 22 பேர்.

இலங்கையிலும் ஒரு பேச்சு இருந்தது. 2017 இல் வந்த புதிய வர்த்தகக் கொள்கை, சந்தையைத் திறக்கும்போது நிறுவனங்களும் மக்களும் அதற்கு ஏற்ப மாற உதவுவதைத் தன் தூண்களில் ஒன்றாக வைத்தது. தூண் காகிதத்தில் நிற்கிறது. வேலையிழந்தவருக்கு மாதாமாதம் கொடுக்கும் காப்புறுதியும் இங்கே கிடையாது.

அப்போ என்னதான் இருக்கிறது? அமெரிக்கச் சட்டத்தைவிட ஒரு விதத்தில் நல்லதும், இன்னொரு விதத்தில் ஓட்டையானதுமான ஒரு சட்டம் இருக்கிறது.

1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம். வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் பற்றியது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்துவதானால் இரண்டில் ஒன்று வேண்டும்: அந்தத் தொழிலாளி எழுத்தில் தரும் சம்மதம், அல்லது தொழில் ஆணையாளரின் முன் அனுமதி. தொழிற்சாலையை அடியோடு மூடினாலும் இதே சட்டம்தான். இறக்குமதியால் மூடினீர்களா, மின்கட்டணத்தால் மூடினீர்களா, மகன் கனடா போனதால் மூடினீர்களா என்று அது கேட்பதில்லை. எதையும் நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் மேல் இல்லை. அமெரிக்கத் திட்டத்தில் காரணத்தை நிரூபிக்க முடியாமல் வெளியே நின்றவர்கள் ஏராளம்.

ஓட்டை வேறு இடத்தில். அங்கே காசு கொடுத்தது அரசாங்கம். இங்கே கொடுக்க வேண்டியவர் அந்த மூழ்கும் முதலாளி.

அண்ணை மேசையில் வைத்த கடிதம் என்ன என்பது இப்போது விளங்கும். அந்தச் சட்டம் கேட்கும் "எழுத்திலான சம்மதம்" அதுதான். கையெழுத்து விழுந்துவிட்டால் ஆணையாளரிடம் போக வேண்டிய தேவை முதலாளிக்கு இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். அண்ணையின் மாதச் சம்பளம் 48,000 ரூபா.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் 4 மாதம்: 192,000.

கையெழுத்துப் போடாமல் ஆணையாளரிடம் போனால், வர்த்தமானியில் வந்த சூத்திரம் ஒன்று இருக்கிறது. முதல் 5 வருட சேவைக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 இலிருந்து 14 வரையான வருடங்களுக்கு 2 மாதம். 15 இலிருந்து 19 வரை ஒன்றரை மாதம். அதற்குப் பிறகு இன்னும் குறையும். அண்ணையின் 17 வருடத்துக்கு 12.5, 18, 4.5 என்று கூட்டினால் 35 மாதம். 35 ஐ 48,000 ஆல் பெருக்கினால் 1,680,000. உச்ச வரம்பு 2021 இல் 25 இலட்சமாக உயர்ந்தது, அதற்கு இது உட்பட்டுத்தான் நிற்கிறது.

இதற்கு வெளியே பணிக்கொடை. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். 17 வருடத்துக்கு எட்டரை மாதம், 408,000 ரூபா. இது வேலை நீக்கத்துக்கான நட்டஈடு அல்ல. தானாக விலகினாலும் கொடுத்தே ஆகவேண்டிய காசு, அதுவும் 30 நாளுக்குள். பிந்தினால் பிந்திய காலத்தைப் பொறுத்து 10 முதல் 30 வீதம் வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும்.

அண்ணை கல்குலேட்டரை என்னிடமிருந்து வாங்கி, தானே ஒருமுறை அடித்துப் பார்த்தார். 408,000 வந்தது. கடிதத்தைத் திருப்பி 192,000 ஐப் பார்த்தார்.

"அப்ப இவையள் எல்லாக் கொடுப்பனவும் அடங்கும் எண்டு எழுதினது..."

"ஓம் அண்ணை. நீங்கள் சும்மா விலகினாலே தர வேண்டிய காசில அரைவாசியும் இல்லை இது."

அவர் ஒன்றும் பேசவில்லை. பென்சில் புள்ளடியை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் பெரிய தொகையைக் காட்டி ஒருவரை அலுவலகப் படி ஏறச் சொல்வது லேசு. அந்த வழியின் செலவையும் சொல்ல வேண்டும். விண்ணப்பம் கிடைத்து 2 மாதத்துக்குள் ஆணையாளர் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். நான் கண்ட வழக்குகள் அவ்வளவு சுறுசுறுப்பானவை அல்ல. விசாரணைக்கு நாள் போடுவார்கள், முதலாளி தரப்பு வராது, மறுபடி நாள். கட்டளை வந்த பிறகும் காசு வராவிட்டால் நீதவான் நீதிமன்றம் வரை போக வேண்டும். அதற்குள் மெஷின் விற்றுப் போயிருக்கும், காணி வங்கியில் ஈட்டில் இருக்கும். 22 பேருக்கும் இப்படிக் கொடுக்க அந்த முதலாளியிடம் காசு இருக்கிறதா என்றால், இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆக 16 இலட்சம் முழுசாகக் கைக்கு வரும் என்று நம்பி யாரும் மகளின் கல்யாணத்துக்கு நாள் குறிக்கக் கூடாது. அது பேரம் பேசுவதற்கான தொகை. பணிக்கொடை அப்படியல்ல, அதில் பேரம் இல்லை.

ஒரு எச்சரிக்கை: 15 பேர் என்ற எல்லையைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள், பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டால் மிச்சப் பேருக்குச் சட்டம் இல்லாமல் போய்விடுமோ என்று. அந்த எண்ணிக்கை மூடும் நாளில் எண்ணுவது அல்ல. அதற்கு முந்திய 6 மாதத்தின் சராசரி. உண்மையிலேயே 15 இற்குக் குறைந்த இடம் என்றால் தொழில் நியாய சபைதான் வழி, அது வேறு கதை.

சேமலாப நிதியத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம். எடுக்க ஆணுக்கு 55 வயது, பெண்ணுக்கு 50 ஆக வேண்டும். வேலை போனது அதை எடுக்க ஒரு காரணம் அல்ல. வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் முன்கூட்டியே எடுக்க வழி உண்டு. எடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. 2023 இற்கு அது 13 வீத வட்டி தந்தது. அண்ணைக்கு இன்னும் 4 வருடம்தான். பார்க்க வேண்டியது வேறு: மூடப்போகும் தொழிற்சாலைகள் கடைசி மாதங்களில் இந்தக் காசைச் சம்பளத்தில் வெட்டிவிட்டு நிதியத்துக்குக் கட்டாமல் விடுவது சகஜம். இருப்பைக் கேட்டு எடுத்துப் பார்த்தோம். அண்ணையுடையதில் 7 மாதம் இடைவெளி. அதையும் முறைப்பாட்டில் சேர்த்தோம். மற்றது ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம், முதலாளி மட்டும் கட்டும் அந்த 3 வீதம். அதை வேலை விட்டதும் எடுக்கலாம், ஒருமுறை எடுத்தால் அடுத்த முறைக்கு 5 வருடம் பொறுக்க வேண்டும். எடுத்து, அடைவில் இருக்கும் நகையை மீட்டுக்கொள்ளச் சொன்னேன். அடைவு வட்டியை அடைப்பதைப் போல நிச்சயமான இலாபம் இந்த ஊரில் வேறு இல்லை.

அஸ்வெசும? விதானையாரைக் கேட்டோம். அது குடும்பத்தின் வறுமையைப் பார்க்கும் திட்டம், வேலையிழப்பைப் பார்ப்பது அல்ல. 2023 இல் சமுர்த்திக்குப் பதிலாக வந்தபோது பிரிவைப் பொறுத்து மாதம் 2,500 இலிருந்து 15,000 ரூபா வரை இருந்தது, பிறகு வறுமை கூடிய பிரிவுகளுக்குக் கூட்டினார்கள். வீடு, மின்பாவனை, சொத்து என்று புள்ளி போடுவார்கள். 17 வருடம் சம்பளம் வாங்கிக் கட்டிய கல்வீடும் ஒரு மோட்டார் சைக்கிளும் அந்தக் கணக்கில் அண்ணைக்கு எதிராகவே நிற்கும். விண்ணப்பிப்பதில் நட்டம் இல்லை, ஆனால் அதை நம்பி அடுப்பு மூட்ட முடியாது.

இனி எதிர்காலம். இதில்தான் அண்ணையின் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று அபிப்பிராயம். மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், "கடை ஒண்டு போடுவம்" என்றார். மகன் புதிதாக ஒரு படிப்புப் படிக்கச் சொன்னான், சித்தப்பா படித்த மாதிரி. அண்ணை ஓட்டோவை நினைத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டோ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாகன இறக்குமதி 2020 இல் நின்று 2025 இல்தான் திறந்தது, இடையில் பழைய ஓட்டோவே பத்து இலட்சத்தைத் தாண்டியது. நட்டஈட்டில் பெரும்பகுதியை அதில் போட்டுவிட்டு, ஒவ்வொரு சந்தியிலும் ஏற்கெனவே பத்து ஓட்டோ நிற்கும் ஊரில் பதினோராவதாக நிற்பது எனக்குப் புத்தியாகப் படவில்லை.

கடை இன்னும் மோசம். கடையில் போடும் காசு கடனாக வெளியே போகும், சொந்தக்காரரிடம் கேட்டு வாங்க முடியாது. காசு போதாமல் சுயதொழில் கடன் எடுத்தால் அதற்கு வாராவாரம் தவணை. வடக்கில் நுண்கடன் எங்கே போய் முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சம் வரையான கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அக்காவுக்கு இதைச் சொன்னபோது கோபம் வந்துவிட்டது. "எல்லாத்துக்கும் ஒரு கணக்கு வச்சிருப்பாய் நீ" என்றார். உண்மைதான்.

படிப்பு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மகன் சொன்னது தவறு இல்லை, ஆளுக்குத்தான் பொருந்தவில்லை. அமெரிக்கத் திட்டத்தைப் பற்றி 2012 இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, அதில் சேர்ந்தவர்கள் நாலு வருடத்துக்குப் பிறகும் சேராதவர்களைவிடக் குறைவாகவே உழைத்தார்கள் என்று சொன்னது. பிறகு வந்த ஆய்வு ஒன்று, நல்ல பயன் இருந்தது, ஆனால் பத்து வருடத்துக்குள் அது கரைந்துபோனது என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு விளங்குவது இதுதான்: படிக்கும் காலத்தில் உழைப்பு இல்லை, அந்த நட்டத்தைப் பிறகு உழைத்து ஈடுசெய்ய வருடங்கள் வேண்டும். இருபத்தைந்து வயதுக்காரனிடம் அந்த வருடங்கள் உண்டு. அதே தொழிற்சாலையில் பொதி கட்டிய பெடியனுக்கு, கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகத்துக்கோ யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரிக்கோ விண்ணப்பிக்கச் சொன்னேன், யோசிக்காமல். 51 வயது அண்ணை ஒன்றரை வருடம் வகுப்பில் இருந்து எழும்பும்போது 53.

அவருக்கு வேண்டியது படிப்பு அல்ல, தெரிந்ததற்குக் கடதாசி. மெஷின் பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வரும் வரை காத்திராமல் தானே வெல்டிங் செய்து, தானே மோட்டர் சுற்றி ஓட வைத்தவர். ஆனால் சான்றிதழ் ஒன்றும் இல்லை. இதற்கு அரசாங்கத்தின் தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைற்றாவில் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை இருக்கிறது. வகுப்பு இல்லை. செய்த வேலைகளின் விபரக்கோவை ஒன்றைக் கொடுத்து, மதிப்பீட்டாளருக்கு முன்னால் செய்து காட்டினால் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைத் தரம் கிடைக்கும். எங்கள் ஆட்கள் இதைப் பாவிப்பது குறைவு; சான்றிதழ் என்றால் வகுப்பில் இருந்து எடுப்பது என்றே நினைக்கிறோம்.

சான்றிதழோடு போனாலும் கே.கே.எஸ். வீதியில் உள்ள வெல்டிங் பட்டறை அவருக்குத் தரச் சம்மதித்தது 32,000. குறைந்தபட்சச் சம்பளமே 2025 ஏப்ரலில் 27,000 ஆகியிருந்தது. அண்ணைக்கு அது அவமானமாக இருந்தது. "பதினேழு வருசம் வேலை செய்திட்டு ஒரு பெடியன்ர சம்பளத்துக்குப் போறதோ?" நல்ல வேலை வரும்வரை நட்டஈட்டை வைத்துச் சமாளிப்போம் என்றார். இந்த ஊரில் பெரும்பாலானோர் எடுக்கும் முடிவு இது. காசு முடியும்போது வயதும் இரண்டு கூடியிருக்கும், கையும் பழக்கம் விட்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் அந்த அமெரிக்கத் திட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி எனக்குக் கைகொடுத்தது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் இருந்த ஏற்பாடு: பயிற்சிக்குப் போகாமல், குறைந்த சம்பளத்துக்கு உடனே ஒரு வேலையைப் பிடித்தால், பழைய சம்பளத்துக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசத்தில் அரைவாசியை அரசாங்கம் 2 வருடம் வரை போட்டுக் கொடுத்தது. 2015 விதிப்படி மொத்தம் 10,000 டொலருக்கு மேற்படாமல், புதிய வேலையில் வருடம் 50,000 டொலருக்கு உட்பட்டு உழைப்பவருக்கு. ஆளை வீட்டில் இருத்தாமல் வேலைக்குப் போக வைக்கும் உதவி. என்னைக் கேட்டால் அந்தத் திட்டம் முழுவதிலும் கெட்டித்தனமான பகுதி இதுதான்.

இலங்கை அரசாங்கம் இதைச் செய்யாது. அண்ணையே தனக்குச் செய்யலாம் அல்லவா?

பழைய சம்பளம் 48,000. புதியது 32,000. வித்தியாசம் மாதம் 16,000. அமெரிக்க முறைப்படி அரைவாசி என்றால் 8,000, 24 மாதத்துக்கு 192,000. முதலாளி கடிதத்தில் தர வந்த அதே தொகை, ஒரு ரூபாகூட வித்தியாசம் இல்லை. கணக்கு அப்படி வந்து விழுந்ததைப் பார்த்து அண்ணை முதல்முறையாகச் சிரித்தார். அரைவாசி அல்ல, முழு வித்தியாசத்தையும் போட்டாலும் 24 மாதத்துக்கு 384,000. பணிக்கொடை 408,000. அதாவது பணிக்கொடையை மட்டும் ஒரு கணக்கில் போட்டு மாதம் 16,000 எடுத்தால், 2 வருடத்துக்கு அந்த வீட்டுக்கு வரும் காசு ஒரு சதமும் குறையாது. அடுப்பு அதே அடுப்பு. மகளின் ரியூசன் அதே ரியூசன். நட்டஈடு எப்போது வந்தாலும், எவ்வளவு வந்தாலும், அது தொடாத காசு. அது வராமல் போனாலும் குடும்பம் விழாது. அதனால்தான் விசாரணை எவ்வளவு இழுத்தாலும் அவசரப்பட்டு மலிவாக ஒத்துக்கொள்ள வேண்டிய நிலை வராது. மற்ற எல்லா வழிகளையும்விட இதை நான் மேலே வைப்பதற்கு முதற்காரணம் இதுதான்.

2 வருடம் முடிய என்ன என்று கேட்பீர்கள். 53 இல் கையில் என்.வி.கியூ. உள்ள வெல்டருக்கு 32,000 அப்படியே நிற்காது என்று நினைக்கிறேன். 55 இல் சேமலாப நிதியம். இடையில் ஒரு இடைவெளி இருக்கும், மறைக்கவில்லை. நட்டஈட்டில் ஏதாவது வந்திருந்தால் அதை அங்கே அடைக்கலாம்.

வெளிநாடு பற்றியும் யாரோ சொன்னார்கள். 51 வயதில் ஏஜென்சிக்குக் காசு கட்டுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை.

இவ்வளவும் பேசி முடிந்த பிறகு அண்ணை தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். வலிகாமத்துச் செம்மண்ணில் மிளகாயும் வெங்காயமும் வைத்தவர். 1970 களின் முற்பகுதியில் இறக்குமதியை நிறுத்தியபோது மிளகாய்க் காசில் கிணறு கட்டி, வீட்டுக்கு ஓடு போட்டவர். 1977 இல் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும், வெளி மிளகாயோடு மல்லுக்கட்ட முடியாமல் பாதித் தோட்டம் தரிசாகப் போனதாம். அவருக்கு யாரும் நாலு மாதச் சம்பளம்கூடத் தர வரவில்லை. இன்றைக்கு உருளைக்கிழங்கும் வெங்காயமும் கிண்டும் காலத்தில் இறக்குமதிக்கு விசேட பண்ட வரியைக் கூட்டச் சொல்லி விவசாயிகள் கேட்கிறார்கள், சில வேளை கூட்டுகிறார்கள். தொழிற்சாலைக்கும் அப்படி ஒரு கதவை அடைக்கலாமா? தங்கள் நாட்டு விலையைவிட மலிவாக இங்கே கொண்டுவந்து கொட்டும் குவிப்பு விலைக்கு எதிரான சட்டம் 2018 இல் வந்துதான் இருக்கிறது. ஆனால் அதன் கீழ் ஒரு முறைப்பாட்டை நடத்த, கணக்காளர்களும் சட்டத்தரணிகளும் உள்ள பெரிய துறை வேண்டும், 22 பேரின் வாளிக் கம்பனியால் ஆகாது. கதவை அடைத்த 2020 இலிருந்து 2023 வரையான மூன்று வருடமும் அந்தத் தொழிற்சாலைக்குச் சேலைன் ஏற்றிய மாதிரி. ஒரு புது மெஷின்கூட வாங்கவில்லை.

திங்கட்கிழமை அண்ணை கடிதத்தைக் கையெழுத்து இல்லாமல் திருப்பிக் கொடுத்தார். 22 பேரில் 8 பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள், அதில் இரண்டு பேருக்கு 20 வருடத்துக்கு மேல் சேவை. மிச்சம் 14 பேரும் ஒன்றாக யாழ்ப்பாணத் தொழில் அலுவலகத்துக்குப் போனார்கள். முதலாளி முதல் விசாரணைக்கு வரவில்லை, இரண்டாவதுக்கு வந்தார். ஒரு மெஷினை விற்று 14 பேருக்கும் பணிக்கொடையை இரண்டு தவணையில் தீர்த்தார். நட்டஈட்டு விசாரணை இன்னும் நடக்கிறது. முதலாளி பக்கம் இப்போது 12 மாதச் சம்பளம் வரை இறங்கி வந்திருக்கிறது.

அக்கா ஒரு சின்னக் கொப்பியில் கோடு போட்டு, ஒவ்வொரு 10 ஆம் திகதியும் வங்கியிலிருந்து எடுக்கும் 16,000 ஐ எழுதி வருகிறார். போன கிழமை காட்டினார். ஐந்தாவது வரியில் 16,000 ஐ வெட்டி, மேலே 12,500 என்று திருத்தியிருந்தது. பக்கத்தில், அவருடைய சாய்ந்த எழுத்தில்: "கோயில் கேற் வேலை. ஓ.ரி. வந்தது."